பட்டியலைக் கேள், பிழைப்பைத் தடுக்காதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் போன் வந்ததிலிருந்து எனக்கும் மனசு ஆறவில்லை. நீ தொழில் சொல்லிக்கொடுத்து, திருப்பூர் பார்ட்டிகளிடம் கூட்டிப்போய் அறிமுகம் செய்த பையன், தனியாக லேபிள் கடை போட்டு அதே பார்ட்டிகளை இழுத்தால் வலிக்கத்தான் செய்யும்.

"விலகி இரண்டு வருஷம் இந்தத் தொழில் செய்யமாட்டேன்" என்று அவனிடம் எழுதி வாங்கியிருப்பதாகச் சொன்னாய். அந்தத் தாளை நம்பிக் கோர்ட்டுப் படி ஏறாதே. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. வேலையில் இருக்கும்வரை கட்டுப்படுத்தலாம் என்று 1967இல் சுப்ரீம் கோர்ட் ஏற்றது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் கட்டிப்போட முடியாது என்று கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் 2006இல் சொன்னது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. நீயும் ஒரு முதலாளியிடம் இருந்துவிட்டுத்தானே தனியாக வந்தாய்?

உன் பிடி வேறிடத்தில் இருக்கிறது. விலகுவதற்கு முன் ரேட் பட்டியலையும் டிசைன் பைல்களையும் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பியிருக்கிறான் அல்லவா? அனுமதியில்லாமல் கம்ப்யூட்டரிலிருந்து தகவலை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வருகிறது, நஷ்டஈடு கேட்கலாம். நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தது என்று காட்டினால் 66ஆம் பிரிவில் குற்றமே. உழைத்துத் தொகுத்த வாடிக்கையாளர் பட்டியலுக்குப் பதிப்புரிமை உண்டென்று டெல்லி ஹைகோர்ட் 1995இல் தடை கொடுத்திருக்கிறது. ஆனால் ஊருக்கே தெரிந்த ஏற்றுமதிக் கம்பெனிகளின் பெயர் அவன் மனசில் இருப்பதை யாரும் பிடுங்க முடியாது. உன் சம்பளத்தில் இருந்தபோதே அவன் ஆர்டரைத் திருப்பினானா? தேதியோடு தேடு, உன் பலமான சாட்சி அதுதான்.

அவன் பயன்படுத்திய கம்ப்யூட்டரை பார்மெட் செய்யவிடாதே, வேறு யாருக்கும் கொடுக்காதே. மெயில் நகலைக் கோர்ட்டில் கொடுக்க 2023ஆம் வருஷத்து சாட்சியச் சட்டம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். வக்கீலிடம் மறக்காமல் கேள். முதலில் நோட்டீஸ்: பைல்களைத் திருப்பித் தா, அழித்ததாக எழுதிக்கொடு. கேட்காவிட்டால் இடைக்காலத் தடைக்கு மனு. நாள் கடத்தினால், அப்படி என்ன அவசரம் என்று நீதிபதியே கேட்பார்.

கோபத்தில் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தாதே. வாட்ஸப் குழுவில் "திருடன்" என்று போடாதே. அவன் உன்மேல் அவதூறு வழக்குப் போட அது வழியாகிவிடும்.

நோட்டீஸ் போவதற்குள் பழைய பார்ட்டிகளை நீயே நேரில் பார். அவனைப் பற்றிப் பேசாமல், அடுத்த லாட்டை யார் பார்த்துக்கொள்வார்கள், எந்தத் தேதிக்குத் தருவாய் என்பதை மட்டும் சொல்.

உன் மாமா