ஒரு தொட்டி ஐந்தாகும்போது

"வாரா வாரம் தொட்டியைக் காலி செய்து, கூழாங்கல்லைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றினால் மீன் சாகாது." கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் முதல் தொட்டி வாங்கி வந்தவர்களில் பலர் உறுதியாக நம்புவது இதைத்தான். மீனுக்கு இதைவிட ஆபத்தான சுத்தம் வேறில்லை.

மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் இன்னொரு வகை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் ஓரளவு வரை தாங்கக்கூடியது. இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் அதிகம் ஒட்டி வாழ்கின்றன. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் ஸ்பாஞ்சைப் பிழிந்தால் அவையும் போய்விடும். புதிதாக வளர நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். புதுத் தொட்டியில் மீன்கள் அடுத்தடுத்து மிதப்பதற்குப் பெரும்பாலும் திருஷ்டி காரணமல்ல, இந்த இடைவெளிதான். தண்ணீரில் கால் பங்கை மட்டும் மாற்றி, வெளியே எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை அலசினால் போதும்.

இந்த விஷயத்தில் புத்தகங்களும் தடுமாறியிருக்கின்றன. நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்றே நெடுங்காலம் எழுதி வந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் டிமோதி ஹோவனெக் குழுவினர் காட்டினார்கள்.

சரி, ஒரு தொட்டி எப்படி ஐந்தாகிறது? பெரும்பாலும் கப்பி மீனால். "ஆணைப் பிரித்துவிட்டால் குஞ்சு நின்றுவிடும்" என்று தனித் தொட்டி வாங்குகிறார்கள். பெண் கப்பியோ ஒருமுறை பெற்ற விந்தை மாதக்கணக்கில் உடலில் சேமித்து, ஏறக்குறைய மாதம் ஒரு ஈடு குஞ்சு போட்டுக்கொண்டே இருக்கும். குஞ்சுக்கு ஒரு தொட்டி, அதன் குஞ்சுக்கு இன்னொன்று.

பல தொட்டி வைத்திருப்பதில் பெரிய லாபம் ஒன்று உண்டு: நன்றாக ஓடும் தொட்டியின் ஸ்பாஞ்சைப் புதுத் தொட்டியில் போட்டால் வாரக்கணக்கான காத்திருப்பு வெகுவாகக் குறையும். ஆனால் அதே வழியில் நோயும் போகும். வெள்ளைப் புள்ளி நோயில் உடம்பிலுள்ள புள்ளி மறைந்ததும் குணமாகிவிட்டது என்று மருந்தை நிறுத்துகிறவர்கள் அதிகம். உண்மையில் ஒட்டுண்ணி அப்போதுதான் மீனை விட்டுக் கீழே இறங்கி, நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. அந்தக் குட்டிகள் நீந்தித் திரியும் கட்டத்தில் மட்டுமே மருந்து வேலை செய்யும். இடையில் ஈர வலையை அடுத்த தொட்டியில் விட்டால் அங்கேயும் புள்ளி வரும். தொட்டிக்கு ஒரு வலை வைப்பதும், புது மீனைச் சில வாரம் தனியே வைத்துப் பார்ப்பதும் மருந்துச் செலவைவிட மலிவு.

எடையையும் யாரும் கணக்கிடுவதில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் விளிம்புவரை நீர் மட்டுமே சுமார் 56 கிலோ. நான்கை ஒரே ஸ்டாண்டில் அடுக்கினால், கண்ணாடியும் கல்லும் சேராமலே 220 கிலோவைத் தாண்டும்.

"டேங்க் கிளீனர் போட்டால் கழுவவே வேண்டாம்" என்பதும் நடக்காது. அந்தப் பெயரில் விற்கும் சக்கர் மீன் பாசியைச் சுரண்டும். ஆனால் தானும் ஏராளமாகக் கழிவு போடும், ஓரடிக்கு மேல் வளரும். இடமில்லாமல் போனதும் அதை ஏரியில் விடுவதைப் புண்ணியம் என்று நினைக்கிறார்கள். தென்னமெரிக்காவிலிருந்து வந்த இந்த மீன் இந்திய நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. முள்ளான தோலால் மீனவர் வலையைக் கிழிக்கிறது, முட்டையிடக் கரையில் வளை தோண்டுகிறது.