பழைய பென்ஸ் வாங்குமுன் பானட்டைத் திறந்து பாருங்கள்

பயன்படுத்திய மெர்சிடிஸ் இ-கிளாஸ் தேடுவோர் கண்ணில் முதலில் படுவது, 2002 முதல் 2009 வரை தயாரான டபிள்யூ211 வகைதான். விலை இறங்கிவிட்டது, அழகு குறையவில்லை. ஆனால் இந்த ஒரே பெயருக்குள் இரண்டு விதமான பிரேக் இருக்கிறது.

சாதாரணக் காரில் பெடலை மிதித்தால், அந்த அழுத்தம் பிரேக் எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்குப் போகும். 2006 மறுவடிவமைப்புக்கு முந்திய டபிள்யூ211-இல் நீங்கள் மிதிக்கும் வேகத்தையும் அளவையும் உணர்கருவிகள் கணினிக்குச் சொல்கின்றன. மின்பம்பு முன்கூட்டியே சேர்த்து வைத்த உயர் அழுத்த எண்ணெயை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தேவைக்கேற்பக் கணினி அனுப்புகிறது. இதற்கு எஸ்பிசி என்று பெயர்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் பழுதானால் முன் சக்கரங்கள் இரண்டில் மட்டுமே பிரேக் பிடிக்கும், அதுவும் முழுக் கால்பலத்தால். கார் நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும். 2004-இல் சுமார் 680,000 கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. 2006-இல் நிறுவனமே இ-கிளாஸில் பழைய முறைக்குத் திரும்பியது.

ஆகவே, என்னிடம் கேட்டால் 2006-க்குப் பிந்தியதே நல்லது. பதிவு ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம். முந்தைய ஆண்டு தயாரித்த கார் தாமதமாகப் பதிவாகியிருக்கலாம். பானட்டைத் திறந்து, ஓட்டுநர் பக்கம் பின்சுவரில் உருண்டையான கறுப்பு வெற்றிட பூஸ்டர் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் சாதாரண பிரேக்.

எஸ்பிசி காரையே வாங்குகிறீர்களா? அதன் கணினி ஒவ்வொரு மிதியையும் எண்ணி வைக்கும். வரம்பு தாண்டினால் எச்சரிக்கை எரியும், பம்புத் தொகுதியை மாற்றச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கையைப் பட்டறையில் முதலில் படிக்கச் சொல்லுங்கள். பிரேக் பேட் மாற்றும்போது எஸ்பிசியை முடக்கிவிட்டே கை வைக்க வேண்டும். கதவைத் திறந்தாலே பம்பு விழித்துக்கொள்ளும்; விரல் நசுங்கிவிடும்.