தரவுத்தளத்தைத் தாங்கும் வழங்கிக் கணினி

கூட்டுறவுச் சங்கமொன்றின் சரக்கிருப்பு, விற்பனை, கடன் ஆகியவற்றைத் தரவுத்தளத்தில் பதிந்து, பல கிளைகளிலிருந்தும் உலாவி வாயிலாகக் கையாளலாம். கிளைகளுக்கு எளிய கணினிகளே போதும். பெருஞ்சுமையைத் தாங்குவது வழங்கிக் கணினியே. ஆதலின் அதற்கு வேண்டுவனவற்றை முன்னரே கணித்தல் நன்று.

முதலாவது, நினைவகம். மொத்த ஊழியர் தொகையைவிட, ஒரே வேளையில் பணிபுரிவோர் தொகையே கணக்கிடற்பாலது. 1996-இல் இப்பெயர் பெற்ற போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் மென்பொருள், ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறையைத் தொடங்குகிறது. அதற்கெனவே ஒதுக்கிய கணினியில் நினைவகத்தின் 25 விழுக்காட்டைப் பொது இடைநினைவாக வைத்துத் தொடங்கலாம் என்பது அதன் கையேட்டுக் கருத்து. 16 ஜிகாபைட் இருப்பின் 4 ஜிகாபைட் எனக் கொள்க. எஞ்சியது இயங்குதளத்துக்கும் இணைப்புகளுக்கும் பயன்படும்.

இரண்டாவது, வட்டு. ஒவ்வொரு மாற்றமும் முதலில் முன்னெழுத்துப் பதிவேட்டில் ஏறும். அது வட்டில் நிலைபெற்ற பின்னரே ‘முடிந்தது’ என்னும் விடை கிளைக்குச் செல்லும். இடையில் மின்சாரம் நின்றாலும், மீளத் தொடங்கும்போது இப்பதிவேட்டைக் கொண்டு விடுபட்டவை நிரப்பப்படும். ஆயின், எழுதாததை எழுதியதாக வட்டு தெரிவிக்குமாயின் இக்காப்பு பொய்க்கும். எனவே மின்தடையைத் தாங்கும் வட்டையே தேர்தல் வேண்டும். விரைவு அதற்கு அடுத்ததே.

மூன்றாவது, காப்புப்படி. வட்டே பழுதுற்றால் பதிவேடும் உடன் அழியும். ஆகவே நாள்தோறும் படியெடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். மீட்டுப் பார்த்திராத படியை நம்பலாகாது. அதனை வேறொரு கணினியில் அவ்வப்போது மீட்டுச் சோதித்தல் கடமையாகும். உறுப்பினர் ஒருவர் செலுத்திய தவணைக்குச் சங்கத்திடமுள்ள சான்று அப்பதிவே அன்றோ!