உப்புக்கு மூலக்கூறு உண்டா?

கேள்வி: உப்பில் மூலக்கூறே கிடையாது என்று என் மகளின் ஆசிரியை சொன்னாராம். அப்படியானால் என்ஏசிஎல் என்ற வாய்பாடு எப்படி வந்தது?

பதில்: திண்ம உப்பைப் பொறுத்தவரை ஆசிரியை சொன்னது முற்றிலும் சரி. வாய்பாடு எழுதும் முறை முதலில் வந்துவிட்டது. உப்புக்குள் என்ன இருக்கிறது என்பது அதற்கு நூறாண்டு கழித்துத்தான் தெரிந்தது.

தனிமங்களுக்கு லத்தீன் பெயரின் எழுத்துகளைக் குறியீடாக வைத்தவர் சுவீடன் நாட்டு பெர்சீலியஸ். ஆண்டு 1813, 1814 வாக்கில். சோடியத்துக்கு 'நேட்ரியம்' என்ற பெயரும் உண்டு, அதனால்தான் என்ஏ. அன்றைய வேதியியலாருக்குத் துணை தராசு ஒன்றுதான். இன்றைய கணக்கில் 58.5 கிராம் உப்பில் 23 கிராம் சோடியம், 35.5 கிராம் குளோரின். அணுக்களாகக் கணக்கிட்டால் ஒன்றுக்கு ஒன்று. இந்த விகிதத்துக்கு மேல் தராசு எதையும் சொல்லாது.

1834இல் மைக்கேல் ஃபாரடே 'அயனி', அதாவது மின்சுமை உள்ள துகள், என்ற கருத்தைத் தந்தார். நீரில் கரைந்ததுமே, மின்சாரம் பாய்ச்சாமலே, உப்பு அயனிகளாகப் பிரிகிறது என்ற எண்ணம் ஸ்வாண்டே அர்ரீனியஸின் 1884ஆம் ஆண்டு ஆய்வேட்டிலிருந்து வளர்ந்தது. அந்த ஏட்டுக்கு உப்சாலா பல்கலைக்கழகம் குறைந்த தரமே கொடுத்தது. 1903இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1913இல் பிராக் தந்தையும் மகனும் உப்புப் படிகத்துக்குள் எக்ஸ் கதிரைச் செலுத்தினார்கள். ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம். இந்தச் சோடியத்துக்கு இந்தக் குளோரின் என்று ஜோடி பிரிக்கவே வழியில்லை! மூத்த வேதியியலாளர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங்கால் இதை ஏற்க முடியவில்லை. 79 வயதில், 1927இல், 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதிக் கொதித்தார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. வாழ்நாள் முழுக்க மூலக்கூறு என்றே எண்ணிப் பழகிய மனம். ஆனால் படிகம் அவர் பக்கம் இல்லை. என்ஏசிஎல் என்பது விகிதம் மட்டுமே. உப்பைக் கொதிக்க வைத்து ஆவியாக்கினால் அங்கே ஜோடிகளைப் பார்க்கலாம். சமையலறையில் அது நடக்காது.

கேள்வி: வாய்பாடுகளை மனப்பாடம் செய்யாமல் எழுத முடியுமா?

பதில்: தாராளமாக. நேர் மின்சுமையும் எதிர் மின்சுமையும் சமமாக வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் கல்லுப்பு கசிவதற்குப் பெரும் காரணமான மெக்னீசியம் குளோரைடை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்னீசியத்துக்கு நேர் இரண்டு, குளோரைடுக்கு எதிர் ஒன்று. ஆகவே ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு குளோரைடு. அலுமினியம் ஆக்சைடில் மூன்றும் இரண்டும் ஆறில் சமமாகும்: இரண்டு அலுமினியம், மூன்று ஆக்சிஜன். சுட்ட சுண்ணாம்பில், அதாவது கால்சியம் ஆக்சைடில், இரண்டுக்கு இரண்டு வரும். அதை ஒன்றுக்கு ஒன்று என்று சுருக்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சோடியம் பெராக்சைடை மட்டும் சுருக்கக் கூடாது. அதில் இரண்டு ஆக்சிஜன்கள் சேர்ந்துதான் ஒரே அயனி.

கேள்வி: கல்லுப்பைத் தட்டினால் வளையாமல் நொறுங்குகிறதே, ஏன்?

பதில்: அடி விழும்போது அயனி அடுக்கு ஒன்று ஓர் இடம் நகர்ந்தால் போதும், நேர் அயனிக்கு எதிரே நேர் அயனி வந்துவிடும். உடனே ஒன்றையொன்று தள்ளும், படிகம் பிளக்கும். உடைந்த துண்டை உருப்பெருக்கியில் பாருங்கள், பிளந்த முகம் தட்டையாக, மூலை செங்கோணமாக இருக்கும். நேர் அயனிக்கும் எதிர் அயனிக்கும் இடையே உள்ள ஈர்ப்பால்தான் உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டியிருக்கிறது. இரட்டை மின்சுமை உள்ள சுட்ட சுண்ணாம்புக்கோ 2,500 டிகிரிக்கும் மேல்.

அதே ஈர்ப்பின் பிடியால் திண்ம உப்பில் மின்சாரமும் பாயாது. அயனிகள் இடம்விட்டு நகர முடியாது. உருக்கினால் பாயும். 1807இல் ஹம்ப்ரி டேவி சோடியத்தை முதன்முதலில் பிரித்தது உருகிய காஸ்டிக் சோடாவில் மின்சாரம் செலுத்தித்தான். இன்று ஆலைகளில் அது உருகிய உப்பிலிருந்து கிடைக்கிறது. கால்சியம் குளோரைடு கலந்து உருகுநிலையைச் சுமார் 600 டிகிரிக்கு இறக்கிவிடுகிறார்கள்.