தாங்குதிறனும் பயிற்சியும்: ஒரு சைக்கிள் பயணம் தரும் பாடம்



அமெரிக்கரான பில்லி ஸ்டார் 1974இல் தம் தாயைத் தோற்புற்றுநோயால் இழந்தார். 1980இல் அவரும் நண்பர்களும் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டிப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நிதி திரட்டினர். ஆண்டுதோறும் தொடரும் அப்பயணம் இதுவரை 100 கோடி டொலருக்கு மேல் திரட்டியுள்ளது. இலங்கையிலும் 2011இல் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்காகத் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடைபயணம் நடந்தது.

அன்பு மட்டும் இத்தூரத்தைக் கடக்கப் போதுமா? வத்தேகமவிலிருந்து எல்கடுவவுக்கு ஏறும் பாதையில் சைக்கிள் மிதித்துப் பாருங்கள். பழகாத கால் பாதி வழியிலேயே நின்றுவிடும். எனவே பயிற்சி அவசியம்.

1. தொடக்கம்: முதல் 10 நிமிடம் மெதுவாக ஓட்டி உடலை இளஞ்சூடாக்குக.
2. படிப்படியான அதிகரிப்பு: வாரத்தில் மூன்று நாள் ஓட்டுக, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. நாளடைவில் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் குருதியை வெளியேற்றும். ஓய்வுநிலை நாடித்துடிப்பு குறையும்.
3. ஓய்வு: களைத்த தசைகள் ஓய்வின்போதே வலுப்பெறுகின்றன.
4. பாதுகாப்பு: தலைக்கவசம் அணிக, இறக்கத்திற்கு முன் பிறேக்கைச் சோதிக்குக.

கவனிக்க: “தினமும் கடுமையாகப் பயிற்சி செய்தல்” என விடை எழுதாதீர்கள். படிப்படியான அதிகரிப்பும் ஓய்வும் சேர்ந்ததே சரியான விடை.

உங்கள் வீட்டிலும் நோயுற்ற ஒருவர் இருக்கலாம். அவர் பொருட்டு எதைத் தொடங்கினாலும், கவலையோடு நின்றுவிடாமல் ஒரு நேரசூசி போடுங்கள். பரீட்சைக்கும் அதுவே வழி.

பயிற்சி வினா: நெடுந்தூரச் சைக்கிள் பயணத்திற்கான நான்கு வாரப் பயிற்சித் திட்டமொன்றைத் தயாரிக்குக.