வெளுத்ததெல்லாம் பாலா?

உடும்பஞ்சோலையில் ஏலத்தோட்டங்கள் அதிகம். அங்கே வேலை செய்யும் ஒரு தாய் கடைக்குப் போனாள். குழந்தைக்குப் பால் பாக்கெட் வாங்கினாள். எழுத்தறிவு வகுப்பில் படித்தவள் அவள். பாக்கெட்டில் இருந்த தேதியைப் படித்தாள்.

"அண்ணே, இது நேத்தோட முடிஞ்சு போச்சே!"

கடைக்காரர் பார்த்தார். "ஆமாம்மா, கவனிக்கலை" என்று வேறு பாக்கெட் கொடுத்தார்.

தேதியை நாம் படிக்கலாம். பாலில் கலந்திருப்பதைக் கண்ணால் காண முடியுமா? அதற்குச் சோதனை வேண்டும்.

எல்லையில் சோதனை

கேரளத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து டேங்கர் லாரிகளில் பால் வருகிறது. ஓணம் சமயத்தில் தேவை கூடும். பால்வளத் துறையினர் எல்லையில் லாரியை நிறுத்திப் பாலைச் சோதிப்பார்கள்.

2022 ஆகஸ்ட் மாதம். பாலக்காடு மாவட்டம் மீனாட்சிபுரத்தில் ஒரு லாரி பிடிபட்டது. அதில் 12,750 லிட்டர் பால் இருந்தது. சோதனையில் யூரியா தெரிந்தது. யூரியா பயிருக்குப் போடும் உரம். தண்ணீர் கலந்த பாலைக் கெட்டியான பால் போலக் காட்ட அதைச் சேர்ப்பார்கள்.

2023 ஜனவரியில் கொல்லம் மாவட்டம் ஆரியங்காவில் 15,300 லிட்டர் பால் பிடிபட்டது. பால் கெடாமல் இருக்க ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருப்பதாகப் பால்வளத் துறை சொன்னது. பிறகு உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்தது. அந்த மருந்து தெரியவில்லை. நேரம் ஆக ஆக அது சிதைந்துவிடும். தாமதம்தான் காரணம் என்றது பால்வளத் துறை. இரண்டு துறைகளுக்கும் கருத்து வேறுபாடு வந்தது.

வழக்குப் போடும் அதிகாரம் உணவுப் பாதுகாப்புத் துறைக்குத்தான் உண்டு. ஆகவே இரண்டு துறைகளும் உடனுக்குடன் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். தாமதமானால் சாட்சி அழிந்து போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் வந்தது. 2011 முதல் நடைமுறையில் உள்ளது.

- தரம் குறைந்த உணவை விற்றால் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம்.
- பொய்யான லேபிள் ஒட்டி விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம்.
- உடலுக்குக் கேடான உணவை விற்றால் சிறைத் தண்டனையும் உண்டு.
- அதனால் உயிர் போனால் 7 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை.

வாங்குபவரும் கட்டணம் கட்டி உணவைச் சோதிக்கச் சொல்லலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். கலப்படம் இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. வழுவழுப்பான சாய்ந்த தட்டில் ஒரு சொட்டுப் பால் விடுங்கள். நல்ல பால் மெதுவாக ஓடும். வெள்ளைத் தடம் விடும். தண்ணீர் கலந்த பால் தடம் இல்லாமல் உடனே ஓடிவிடும்.
2. பாலும் தண்ணீரும் சம அளவு எடுத்து நன்றாகக் குலுக்குங்கள். கெட்டியாக நுரை வந்து நின்றால் சோப்புத்தூள் கலந்திருக்கலாம்.

யூரியாவை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகம் வந்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் கொடுங்கள். பாக்கெட்டையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். பாக்கெட்டில் 14 இலக்க உரிம எண் இருக்கும். அதையும் எழுதிக் கொடுங்கள்.

பதில் சொல்லுங்கள்

1. பாலில் ஏன் யூரியா கலக்கிறார்கள்?
2. ஆரியங்காவில் இரண்டு துறைகளுக்கும் ஏன் கருத்து வேறுபாடு வந்தது?
3. உங்கள் வீட்டுப் பால் பாக்கெட்டை எடுங்கள். தேதியையும் உரிம எண்ணையும் பார்த்து எழுதுங்கள்.