குழாய் போட்டால் ஆள் தப்பாதா?

தோட்டவெளியில் செத்தவீட்டுக்குப் போனால், தேத்தண்ணி வருமுன் அந்தக் கதை வந்துவிடும். "வாய்க்குள்ள குழாய் போட்டுட்டாங்களாம். இனி ஆள் தப்பாது." போன கிழமையும் கேட்டேன். அவசர சிகிச்சைப் பிரிவில் இத்தனை வருடம் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மூச்சு நின்றவருக்கும் நிற்கப்போகிறவருக்கும்தான் அங்கே குழாய் போடுகிறோம். அவர்களில் பலர் இறப்பார்கள்தான். அதற்குக் குழாயைக் குற்றம் சொல்வது, கடலில் தவறியவனைத் தேடப்போன வள்ளம்தான் அவனைத் தாட்டது என்பது போல.

கட்டுவிரியனை எடுங்கள். தரையில் படுத்தவரை இரவில் கடிக்கும். நோவும் பெரிதாக இராது, கடிவாயும் தெரியாது. விடிய வயிற்று வலி, பிறகு இமை தூக்க முடியாது, விழுங்க முடியாது, கடைசியில் நெஞ்சு அசையாது. நச்சுமுறி மருந்து ஏற்றினாலும் விழுந்த தசைகள் எழும்ப நாட்கள் ஆகும். அந்த நாட்களைக் கடத்துவது சின்னவிரல் மொத்தமுள்ள அந்தக் குழாய்தான். பிணம்போலக் கிடந்தாலும் அவருக்கு அறிவு தெளிவாக இருக்கலாம், காதும் கேட்கலாம். ஓர் அம்மாவின் இமையை விரலால் தூக்கி, "கேக்குதா?" என்றேன், பெருவிரல் நுனி அசைந்தது. ஆறாம் நாள் குழாயை எடுத்ததும் கட்டிலடியில் ஒப்பாரி வைத்த மகளைத்தான் முதலில் ஏசினா.

1952இல் கொப்பன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மருத்துவர் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, மருத்துவ மாணவர்களை இரவு பகலாகக் காற்றுப் பை அமுக்கவைத்தார். மூச்சுத்தசை விழுந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு பாதிக்கும் கீழே இறங்கியது.

"அம்புலன்சில் குழாய் போடவில்லை, சும்மா பையைத்தான் அமுக்கினார்கள்" என்பது அடுத்த முறைப்பாடு. முகமூடியைக் காற்று ஒழுகாமல் பிடிக்கத் தெரிந்த கை, ஓடும் வண்டியில் குழாயோடு தடுமாறும் கையைவிட எவ்வளவோ மேல்.

அம்புலன்ஸ் வருமுன் ஊரார் செய்வதிலும் பிழை உண்டு. வலிப்புக்குத் திறப்பைக் கையில் திணிப்பது வீண். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. கடலில் தூக்கியவனைத் தலைகீழாகச் சுழற்றி வயிற்றை அமுக்கினால் வாந்திதான் வரும். அது நுரையீரலுக்குள் போகும். மூச்சிருந்தால் பக்கவாட்டில் சரியுங்கள். இல்லாவிட்டால் வாயோடு வாய் ஊதி நெஞ்சை அமுக்குங்கள். ஒருவர் அம்புலன்சுக்கு, 1990 இலக்கத்துக்கு அடிக்கட்டும்.

மீன் வாடிக்காரருக்கு இன்னொன்று: கட்டுவிரியன் கடிக்காமலிருக்க வெறுந்தரையில் படுக்காதீர்கள். கட்டில் இல்லையென்றால் நுளம்பு வலையைப் பாயின் அடியில் செருகிப் படுங்கள். சங்கக் கூட்டத்தில் இதை மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் பேச்சு ஐஸ் விலைக்குத் திரும்பிவிட்டது.